சிங்கப்பூரில் இருந்துகொண்டு குளிர்கால சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி?

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் ஆறு வருஷமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். ஜொகூர் பக்கம் 100 கி.மீ. காட்டுப் பந்தயம் இரண்டு முடித்திருக்கிறேன். அடுத்து பனியில் நடக்கும் நீண்ட தூரப் பந்தயத்தில் கலந்துகொள்ள ஆசை. 31 டிகிரியில் வாழ்கிறவன் குளிருக்கு எப்படிப் பழகுவது? எந்தப் பந்தயத்தில் தொடங்குவது? அம்மா வேறு பயப்படுகிறார்."

தம்பி, கால் பலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் நூறு கிலோமீட்டர் காட்டில் ஓட்டி முடித்தவருக்குக் கால் போதும். கற்றுக்கொள்ள வேண்டியது வேறு. அதைச் சொல்வதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஜூரோங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 17 வருஷமாக வேலை பார்க்கிறேன். மீன், இறால், இறைச்சிப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறை எப்போதும் மைனஸ் 20 டிகிரியில் இருக்கும். சைக்கிளில் ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்பஃபர் பந்தயத்துக்கு இரண்டு முறையும், பின்லாந்தின் ரோவனியெமி 150-க்கு ஒரு முறையும் போயிருக்கிறேன். கீழே சொல்வதில் பாதி கிடங்கில் கற்றது, பாதி பனியில் பட்டது.

"குளிருக்குப் பழகுவது எப்படி" என்ற கேள்வியை முதலில் தள்ளி வையுங்கள். வெயிலுக்கு உடம்பு பத்துப் பதினான்கு நாளில் நன்றாகவே பழகிவிடும். குளிருக்கு அப்படிப் பழகாது. மிகக் கொஞ்சம்தான் மாறும். அலாஸ்காக்காரரும் உடையாலும் பழக்கத்தாலும்தான் பிழைக்கிறார். நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது நனையாமல் இருப்பது. மழையில் நனைவதைச் சொல்லவில்லை. சொந்த வியர்வையில் நனைவதைச் சொல்கிறேன்.

எங்கள் கிடங்கில் புதிதாகச் சேரும் பையன்களைப் பார்த்துப் பார்த்து இது எனக்குப் புரிந்தது. முதல் நாள், கொடுத்த உடுப்பை எல்லாம் மாட்டிக்கொண்டு, கழுத்துவரை ஜிப்பை ஏற்றிவிட்டு, சுறுசுறுப்பாகப் பெட்டி தூக்குவார்கள். அரை மணி நேரத்தில் உள்ளே பனியன் நனைந்துவிடும். தே ஓ குடிக்க வெளியே வருவார்கள், அதே பனியனோடு திரும்ப உள்ளே போவார்கள். அதற்குப் பிறகுதான் பல் கிடுகிடுக்கும். பழைய ஆட்கள் பெட்டியில் கை வைப்பதற்கு முன்பே ஜிப்பை மார்புவரை இறக்கிவிடுவார்கள். நிதானமாகத் தூக்குவார்கள். வேலை நின்றதும் முதல் காரியமாக ஜிப்பை ஏற்றுவார்கள். அறை ஒன்றுதான், குளிரும் ஒன்றுதான்.

இதை எல்லாம் அறிந்திருந்தும், முதல் முறை ஸ்காட்லாந்து போனபோது அந்தப் புதுப் பையன் செய்த தவறையே நானும் செய்தேன். ஸ்ட்ராத்பஃபர் என்பது ஜனவரியில் ஸ்ட்ராத்பெஃபர் என்ற சிற்றூருக்குப் பக்கத்துக் காட்டில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயம். அதில் ஏறத்தாழ 17 மணி நேரம் இருட்டு. காலை பத்து மணிக்குத் தொடக்கம். நான் மூன்று அடுக்கு உடுத்தி, கதகதப்பாக, தெம்பாக நின்றேன். முதல் ஏற்றத்திலேயே முதுகில் வியர்வை வழிந்தது. உடம்பு நன்றாகச் சூடேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இரவு இரண்டு மணி வாக்கில் பின் டயரில் காற்று இறங்கியது. நின்றேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வால்வின் மேல் இருக்குமே அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி, அதைத் திருக விரல் வரவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடுகின்றன, ஆனால் நடுவில் மூடி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திருகினேன். பம்பை வால்வில் பொருத்தினால் கை நடுங்கி நழுவியது. ஜாக்கெட் ஜிப்பை ஏற்றப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. பின்னால் வந்த ஒரு பெண்மணி நின்றார். எதுவும் கேட்காமல் என் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பம்பை வாங்கி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குக் குளிர் மைனஸ் 3 தான். வாரத்தில் ஆறு நாள் மைனஸ் 20-இல் நிற்கிறவன் நான்.

நடந்தது என்ன என்று சொல்கிறேன். சைக்கிள் மிதிக்கும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் சுமார் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகும், மிச்சமெல்லாம் சூடு. ஏற்றத்தில் உடம்பு அடுப்பாக எரியும். அந்தச் சூட்டைக் குறைக்க வியர்க்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரிச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். சிங்கப்பூரில் அது வரப்பிரசாதம். பனியில் நீங்கள் நின்ற பிறகும், இறக்கத்தில் மிதிக்காமல் உருண்டுபோகும்போதும் அதே ஈரம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரத்துணி தோலோடு ஒட்டினால் இன்னும் மோசம். தண்ணீர் காற்றைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இதோடு இறக்கக் காற்றும் சேரும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்கினால் திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. நெஞ்சுச் சூடு குறைகிறது என்று தெரிந்ததும் உடம்பு முதலில் கைவிடுவது விரல்களைத்தான். இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, விரலுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கிவிடும்.

வெயிலில் பயிற்சி எடுத்த நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வெப்பத்தில் உழைத்துப் பழகிய உடம்பு சீக்கிரமாகவும் தாராளமாகவும் வியர்க்கும். இங்கே நம்மைக் காப்பாற்றும் அந்தப் பழக்கம் அங்கே முதல் பத்து நிமிடத்திலேயே நம்மை நனைத்துவிடும்.

ஆகவே தொடக்கக் கோட்டில் கொஞ்சம் குளிர்ந்துகொண்டு நில்லுங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் ஓர் அடுக்கு அதிகம் என்று பொருள். ஏற்றம் வருவதற்கு முன்பே ஜிப்பை இறக்குங்கள், தொப்பியைக் கழற்றுங்கள். வியர்த்த பிறகு இறக்கிப் பயனில்லை. உச்சியில், இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று எல்லாவற்றையும் மூடுங்கள். வேகத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மூக்கு: வாயால் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வேகம் அதிகம். ஏற்றத்தில் நாலு பேர் முந்திப் போவார்கள், போகட்டும். ரோவனியெமியில் என்னை முதல் மணி நேரத்தில் முந்திய இருவரைப் பின்னிரவில் ஒரு குடிசைக்குள் உட்கார்ந்து உடை காயவைத்துக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். பதறாத காரியம் சிதறாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது பனிக்கு அப்படியே பொருந்தும்.

உடையைப் பற்றி ஒரே ஒரு கண்டிப்பு: பருத்தி வேண்டாம். பருத்தி பனியன், பருத்தி உள்ளாடை, பருத்திக் காலுறை எதுவும் பெட்டியில் ஏறவே கூடாது. தோலை ஒட்டி மெல்லிய மெரினோ கம்பளி, அதன் மேல் ஒரு கம்பளிச் சட்டை, வெளியே காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட், இவ்வளவுதான் ஓட்டும்போது. இறகு அடைத்த கனமான ஜாக்கெட் பையில் இருக்கட்டும். நிற்கும்போது மட்டும் போடுவதற்கு அது. முழுக்க ரப்பர் மாதிரி மூடிய மழைக்கோட்டு வியர்வையை உள்ளேயே பூட்டிவைக்கும்.

கைக்கு வருவோம். இதில்தான் பணத்தையும் பொறுமையையும் நீங்கள் அதிகம் செலவிட வேண்டும். ஹேண்டில்பாரிலேயே மாட்டும் பெரிய கையுறை மாதிரி உறைகள் கிடைக்கும், போகி என்பார்கள். பிரேக்கும் கியரும் அதற்குள்ளேயே இருக்கும். மைனஸ் 20-இல்கூட உள்ளே மெல்லிய கையுறை போதும். அந்த மெல்லிய கையுறையை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றாதீர்கள். வெறும் விரலால் உறைந்த இரும்பைத் தொட்டால் பாதிப்பு நொடியில் வரும். பனியை உருக்கக் கொண்டுபோகும் ஸ்டவ்வின் எரிபொருள் தோலில் சிந்தினால் அதைவிட ஆபத்து. அது உறையாமல் அந்தக் குளிரிலேயே இருக்கும் திரவம், பட்ட இடம் உடனே வெளுத்துப்போகும். காய்ந்த கையுறை ஒரு ஜோடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுக்கும் நேரம் வராமலே போகலாம். வந்தால் அந்த ஜோடிதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவரும்.

காலுக்கு, வழக்கமான அளவைவிட ஒன்று அல்லது இரண்டு அளவு பெரிய பூட்ஸ். இறுக்கினால் ரத்தம் ஓடாது. பாதத்தைப் பூட்டும் இரும்பு கிளீட் சூட்டை வெளியே கடத்தும் என்பதால் நான் தட்டைப் பெடலுக்கு மாறிவிட்டேன். மைனஸ் 15-க்குக் கீழே போனால் மெல்லிய காலுறை, அதன் மேல் ஒரு சாதாரண பிளாஸ்டிக் பை, அதன் மேல் தடித்த கம்பளிக் காலுறை. பாதம் கொஞ்சம் ஈரமாக இருக்கும், ஆனால் கம்பளி நனையாது. மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். விரல்கள் திரும்ப உயிர் பெறும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், இதில் நம் ஊர்க் கடைகள் வெள்ளைக்காரர்களின் கடைகளைவிட உதவியாக இருந்தன. ரோவனியெமி போவதற்கு முன்பு, மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, ஒரு தட்டில் ஒன்பது பண்டங்களை மைனஸ் 20 அறையில் ஓர் இரவு வைத்தேன். காலையில் ஒவ்வொன்றாகக் கடித்தேன். பந்தயக்காரர்கள் எல்லாரும் சாப்பிடும் எனர்ஜி ஜெல் பசை மாதிரி இறுகி, பிதுக்கினால் வரவில்லை. பேரீச்சம்பழம் தோல்வார் மாதிரி ஆகிவிட்டது. வாழைப்பழத்தால் ஆணி அடிக்கலாம். கடலை மிட்டாய் கடைவாய்ப் பல்லைப் பதம் பார்த்தது. தேக்காவில் வாங்கிய எள்ளுருண்டையில் சின்னது மட்டும் கடிபட்டது. நெய் தாராளமாகப் போட்ட மைசூர்பாகு உதிர்ந்தது, வாயில் போட்டதும் கரைந்தது. முறுக்கு, மிக்சர், வறுத்த முந்திரி மூன்றும் வைத்தபடியே இருந்தன. காரணம் எளிது: உறைவது தண்ணீர். தண்ணீர் குறைந்து கொழுப்பும் வறுவலும் மிகுந்த பண்டம் குளிரைத் தாங்கும். ஒரு வாய்க்கு ஒரு துண்டு என்று முன்பே நறுக்கி, கையுறையோடு எடுக்கும்படி ஹேண்டில்பார்ப் பையில் திறந்தபடி வையுங்கள். பசிக்காவிட்டாலும் அரை மணிக்கு ஒரு வாய். அடுப்புக்கு விறகு வேண்டும்.

தண்ணீரில் ஏமாந்துவிடாதீர்கள். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் அதிகம் போகும், காய்ந்த காற்றில் மூச்சு வழியாகவும் நீர் போய்க்கொண்டே இருக்கும். போத்தலைத் தலைகீழாகச் செருகுங்கள். தண்ணீர் மேலிருந்து உறையும் என்பதால் வாய்ப்பகுதி கடைசிவரை திறந்திருக்கும். குழாய் வைத்த பை கொண்டு போனால் ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டி, ஒவ்வொரு முறை குடித்ததும் குழாயில் இருக்கும் தண்ணீரை உள்ளே ஊதிவிடுங்கள். ஒரு சின்ன பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட இனிப்புத் தேநீர், அதுவும் நள்ளிரவுக்கு மேல், வேறு எதுவும் அதற்கு ஈடாகாது.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். ஸ்காட்லாந்து மாதிரிச் சேறும் பனிக்கட்டியும் கலந்த இடத்துக்கு உங்கள் மவுண்டன் பைக்கே போதும், ஆணி பதித்த டயர் மட்டும் மாட்டுங்கள். தொடர் பனிக்கு நாலு அங்குலமும் அதற்கு மேலும் அகலமான டயர் போட்ட ஃபேட் பைக் வேண்டும். காற்றழுத்தத்தை வெளியே, குளிரில் நின்று சரிபாருங்கள். 22 டிகிரி ஹோட்டல் அறையில் 8 பிஎஸ்ஐ அடித்தால், மைனஸ் 10-இல் அது ஐந்தரைக்கு இறங்கிவிடும். மிதிப்பதைச் சக்கரத்துக்குக் கடத்தும் பின் சக்கர ஃப்ரீஹப்பில் நம் ஊர்க் கடையில் தடவும் கெட்டி கிரீஸ் கடுங்குளிரில் மெழுகாகிவிடும். உள்ளே இருக்கும் பற்கள் பிடிக்காமல் பெடல் முன்னும் பின்னும் சும்மா சுற்றும், பந்தயம் அங்கேயே முடிந்துவிடும். குளிருக்கான மெல்லிய கிரீஸை இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள். சஸ்பென்ஷன் எண்ணெயும் கெட்டியாகும், சஸ்பென்ஷன் இல்லாத விறைப்பான முன் ஃபோர்க்கே நல்லது. விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் லித்தியம் பேட்டரி. சார்ஜ் செய்யும் வகையைச் சட்டைக்குள் வையுங்கள், குளிர்ந்தால் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். விமானத்தில் உபரி பேட்டரி எல்லாம் கைப்பையில்தான், ஸ்டவ் எரிபொருள் எதிலும் ஏறாது, போய் இறங்கிய ஊரில் வாங்க வேண்டும்.

இங்கே எப்படிப் பயிற்சி எடுப்பது? குன்று 163 மீட்டர்தானே என்று புக்கிட் தீமாவைக் குறைவாக எண்ணாதீர்கள். அங்கேயும் செஸ்ட்நட் பூங்காவிலும், முன்பு சொன்ன மூக்கு அளவுகோலை வைத்து, வியர்வை எவ்வளவு குறைகிறது என்று கவனித்து ஓட்டுங்கள். உபினில் கேத்தாம் பாதையில் 12 கிலோ மூட்டை கட்டி, ஒரு மணி நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடங்கள். மென்பனியில் மைல் கணக்கில் தள்ள வேண்டியிருக்கும், அதற்குத் தோளும் முதுகும் தயாராக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும் விடியற்காலைகளை விட்டுவிடாதீர்கள். 23 டிகிரிதான் இருக்கும், ஆனாலும் நனைந்த உடம்பில் காற்று பட்டால் என்ன ஆகும் என்பதை அது கற்றுக்கொடுக்கும்.

கை வேலைக்கு இப்படிச் செய்யுங்கள். வரவேற்பறையில் விளக்கை அணைத்துவிட்டு, பனிக்கட்டி போட்ட பேசினில் இரு கைகளையும் ஒரு நிமிடம் வைத்து எடுத்து, கையுறை மாட்டி, தலைவிளக்கு வெளிச்சத்தில் டியூப் மாற்றுங்கள். தேசிய சேவையில் கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்துச் சேர்த்திருப்பீர்கள், அந்த அளவுக்குக் கைக்குப் பாடமாக வேண்டும். எனக்கு முதல் முறை 40 நிமிடம் ஆனது. இரண்டு மாதத்தில் 14 நிமிடம். ஸ்டவ்வையும் இப்படியே பற்றவைத்துப் பாருங்கள், ஆனால் வீட்டுக்குள் வேண்டாம்.

எந்தப் பந்தயம்? ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பதால் ஸ்ட்ராத்பஃபர் மாதிரி சுற்றுப் பந்தயத்தில் தொடங்குங்கள். ஒரு சுற்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கூடாரத்துக்குத் திரும்பி வருவீர்கள், தவறு செய்தாலும் காய்ந்த உடை காத்திருக்கும். தனியாகப் போகாமல் நாலு பேர் குழுவாகப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. பனி இல்லாமல் குளிரையும் தனிமையையும் பழக வேண்டுமானால் கிர்கிஸ்தானில் 2018 முதல் நடக்கும் சில்க் ரோடு மவுண்டன் ரேஸ் இருக்கிறது. ஆகஸ்டில்தான் நடக்கும், ஆனால் கணவாய்கள் 4,000 மீட்டரை நெருங்கும், இரவில் உறைபனி இறங்கும். 1,800 கி.மீ. அளவு என்பதால் அது முதல் பந்தயம் ஆகாது. பின்லாந்தில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய ரோவனியெமியில் பிப்ரவரியில் 66, 150, 300 கி.மீ. என்று தூரங்கள் உண்டு. இரண்டாம் வருஷம் 66 போங்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் நடக்கும் ஆரோஹெட் 135, அதாவது 217 கி.மீ., எந்த அளவுக்குக் கண்டிப்பானது என்றால், மைனஸ் 29 டிகிரி தாங்கும் தூக்கப்பை, ஸ்டவ், விசில் எல்லாம் கட்டாயம். முடிக்கும் இடத்திலும் 3,000 கலோரி உணவு பையில் மிச்சம் இருக்க வேண்டும். அலாஸ்காவின் இடிடராட் பாதையில் 350 மைலும் 1,000 மைலும் ஓடுகிறவர்கள் பல வருஷ அனுபவசாலிகள். அந்தக் கனவு இருக்கட்டும், அவசரம் வேண்டாம்.

எதுவானாலும் ஒரு வாரம் முன்பே போய் இறங்கி, தினமும் இரண்டு மணி நேரம் வெளியே ஓட்டுங்கள். சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்திருந்தால் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரிடம் பேசிவிட்டுப் பதிவு செய்யுங்கள். காய்ந்த குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். அப்படி இல்லாதவர்களும் வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொண்டு ஓட்டுவது நல்லது.

நிறுத்த வேண்டிய நேரம் எது என்பதை வீட்டிலேயே எழுதிவைத்துக்கொண்டு போங்கள், அங்கே மூளை அதைச் சொல்லாது. நா குழறினால், நடை தடுமாறினால், காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் உடம்பின் உள்சூடு 35-க்கு இறங்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டு, உடனே காய்ந்த உடை, இனிப்பு, தூக்கப்பை. நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால் உதவி கூப்பிடுங்கள். விரலோ மூக்கு நுனியோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்காதீர்கள். அக்குளில் வைத்து இளகவிடுங்கள். ஆழமாக உறைந்துவிட்டால், திரும்ப உறையும் வாய்ப்பு இருக்கும்வரை இளக்கவும் கூடாது, இளகி உறைந்தால் சேதம் கூடும்.

அம்மாவைப் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய பயம் நியாயமானது. இந்தப் பட்டியலை அவரிடம் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். செயற்கைக்கோள் டிராக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் நகரும் புள்ளியை எப்படிப் பார்ப்பது என்று அவர் கைபேசியில் பழக்கிவிடுங்கள். நான் ரோவனியெமியில் இருந்த இரவு என் மனைவி ஈசூனில் விழித்திருந்து அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டேகால் மணி நேரம் அது நகரவில்லை. நான் அங்கே தூக்கப்பைக்குள் உட்கார்ந்து, பனியை உருக்கி மைலோ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன். புள்ளி நின்றால் சாப்பிடுகிறேன் அல்லது தூங்குகிறேன் என்று பொருள், எட்டு மணி நேரம்வரை கவலைப்படாதே என்று முன்பே அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டும். நீங்கள் அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு விமானம் ஏறுங்கள்.